கடலோரப் படங்களுக்குப் பழைய மேனுவல் லென்ஸ்: எது கூர்மை?

கடலூர், புதுச்சேரி பக்கம் நிலக்காட்சி எடுக்கும் நண்பர்கள் பலர் பழைய மேனுவல் ஃபோகஸ் பிரைம் லென்ஸ்கள் (கையால் ஃபோகஸ் செய்யும், ஜூம் இல்லாத லென்ஸ்கள்) வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள். 2009-லிருந்து நானும் அதே பைத்தியம்தான். கடந்த சில வாரங்களில் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணா, 28 எம்எம்மில் நிக்கான் ஏஐ-எஸ் எஃப் 2.8, டகுமார் எஃப் 3.5, கேனான் எஃப்டி எஃப் 2.8 மூன்றும் கிடைக்கின்றன. எது அதிக ஷார்ப்?

தம்பி, எஃப் 8-இல் (எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துளை சிறுக்கும்) வைத்து நடுப்பகுதியை மட்டும் பார்த்தால் மூன்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டீர்கள். நான் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். வித்தியாசம் மூலைகளில்தான் இருக்கிறது. அதுவும் லென்ஸின் பெயரைவிட, உங்கள் கைக்கு வரும் அந்த ஒரு லென்ஸ் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முப்பது நாற்பது வருடம் பலர் கை மாறி வந்தது. எங்கே விழுந்ததோ, யார் திறந்து மூடினார்களோ, யாருக்குத் தெரியும்?

நிக்கான் ஏஐ-எஸ்ஸுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது உள்ளே கண்ணாடிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியும் சேர்ந்து மாறும். அதனால் 20 சென்டிமீட்டர் வரை போனாலும் ஓரம் கெடாது. மணலில் கிடக்கும் சங்கையும் பின்னால் கட்டுமரத்தையும் சேர்த்து எடுப்பவராக இருந்தால் அதை வாங்குங்கள். ஒன்று கவனியுங்கள்: அதே நிக்கானின் சீரீஸ் ஈ 28 எம்எம் வேறு லென்ஸ். இந்த ஏற்பாடு அதில் இல்லை. பெயர் ஒன்று போல இருப்பதால் கடையில் மாற்றிச் சொல்லிவிடுவார்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: வாங்கிய லென்ஸ் நல்லதா என்று நானே எப்படிச் சோதிப்பது சார்? செங்கல் சுவரைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

செங்கல் சுவர் வேண்டாம். சுவருக்கு கேமரா சரியாக நேராக நிற்காவிட்டால், லென்ஸின் குறையா உங்கள் குறையா என்று தெரியாது. அதுபோக, நீங்கள் எடுக்கப் போவது தூரத்துக் காட்சி. மூன்று மீட்டரில் அருமையாக இருந்து, தூரத்தில் ஓரம் குழையும் லென்ஸ்கள் உண்டு.

நான் செய்வதைச் சொல்கிறேன். மொட்டை மாடிக்குப் போங்கள். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் செல்போன் டவரோ தண்ணீர்த் தொட்டியோ ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரைபாடில் கேமராவை வைத்து, அப்பர்ச்சரை (லென்ஸ் துளையை) முழுதாகத் திறந்து, டவரை நடுவில் வைத்து, லைவ் வ்யூவை (கேமராத் திரையில் தெரியும் காட்சியை) பெரிதாக்கி ஃபோகஸ் செய்யுங்கள். ஃபோகஸ் வளையத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். அப்புறம் கேமராவை மட்டும் திருப்பி, டவர் நான்கு மூலைகளிலும் வருமாறு ஒவ்வொரு படம் எடுங்கள். நடுவில் ஒன்று, மூலைக்கு ஒன்று, மொத்தம் ஐந்து படம். அதையே எஃப் 5.6, எஃப் 8 இரண்டிலும் திரும்பச் செய்யுங்கள்.

இப்போது மூலைகளை நடுவோடு ஒப்பிடாதீர்கள். மூலையை மூலையோடு ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது அந்த வடிவமைப்பின் இயல்பு. மூலையில் வைத்தே மறுபடி ஃபோகஸ் செய்து பாருங்கள். அங்கே தெளிவாகிவிட்டால், அந்த லென்ஸின் ஃபோகஸ் தளம் தட்டையாக இல்லை, வளைந்திருக்கிறது என்று பொருள். அப்பர்ச்சரைக் குறைத்து, ஃபோகஸை நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் மூன்று மூலை நன்றாக இருந்து ஒன்று மட்டும் குழைந்தால், அல்லது இடப்பக்கம் முழுதும் ஒரு மாதிரி, வலப்பக்கம் ஒரு மாதிரி என்றால், உள்ளே ஏதோ கண்ணாடி நகர்ந்திருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நான் முதலில் வாங்கிய 28 எம்எம் அப்படிப்பட்டதுதான். எல்லாப் படத்திலும் இடப்பக்கத் தொடுவானம் மட்டும் கரைந்திருக்கும். காற்று, டிரைபாட், என் கை என்று எல்லாவற்றையும் குறை சொல்லிக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினேன். இந்தச் சோதனையை அன்றே செய்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும்.

நேரம் முக்கியம். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் தரை சூடேறி, காற்றே நெளிய ஆரம்பித்துவிடும். அந்த நெளிவில் எவ்வளவு நல்ல லென்ஸும் தோற்கும்.

முத்தியால்பேட்டை நண்பர்: ராக் பீச்சில் சூரிய உதயம் எடுக்கிறேன். முன்னால் இருக்கும் பாறையும் தொடுவானமும் தெளிவாக வர எஃப் 22 வைக்கிறேன். ஆனாலும் சப்பென்று இருக்கிறதே?

எஃப் 22 வைப்பதால்தான் அப்படி. துளை சிறுக்கச் சிறுக்க ஒளி விளிம்பில் பட்டு விரியும். எந்தக் கம்பெனி லென்ஸுக்கும் இதிலிருந்து தப்பில்லை. பச்சை ஒளிக்குக் கணக்குப் போட்டால், ஒரு புள்ளி எஃப் 8-இல் சுமார் 11 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அகலம் விரிகிறது, எஃப் 16-இல் 21, எஃப் 22-இல் 30. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (பழைய ஃபிலிம் அளவு) சென்சாரில் ஒரு பிக்சல் 6 மைக்ரான்தான். எஃப் 22-இல் ஒரு புள்ளி ஐந்து பிக்சலுக்குப் பரவிவிடுகிறது. எஃப் 8, மிஞ்சினால் எஃப் 11. அதற்கு மேல் போகாதீர்கள்.

லென்ஸ் மேல் இருக்கும் ஆழக் குறிகளையும் (எந்த எஃப் எண்ணில் எங்கிருந்து எதுவரை தெளிவாக வரும் என்று காட்டும் கோடுகள்) அப்படியே நம்ப வேண்டாம். அவை பெரும்பாலும் 0.03 மில்லிமீட்டர் மங்கலை ஏற்றுக்கொள்ளும் பழைய ஃபிலிம் கணக்கில் போட்டவை. 0.03 என்றால் உங்கள் சென்சாரில் மறுபடியும் அதே ஐந்து பிக்சல். அதனால் எஃப் 8-இல் எடுக்கும்போது எஃப் 4 குறியைப் பார்த்து வையுங்கள். மங்கல் பாதியாகும். பாறை மிகக் கிட்டே இருந்தால் இரண்டு படம் எடுத்துவிடுங்கள், பாறைக்கு ஒன்று, தொடுவானத்துக்கு ஒன்று. அப்புறம் கணினியில் இரண்டையும் இணைத்துவிடுங்கள். நீண்ட எக்ஸ்போஷரில் அலை எப்படியும் பஞ்சு போலக் கரையும் என்பதால், நடுவில் இணைத்த இடம் தெரியாது.

பண்ருட்டியிலிருந்து ஒருவர்: என்னிடம் கேனான் டிஎஸ்எல்ஆர் இருக்கிறது. எஃப்டி லென்ஸ் மலிவாக வருகிறது, வாங்கலாமா?

வேண்டாம். எஃப்டி லென்ஸ் சென்சாரிலிருந்து 42 மில்லிமீட்டரில் உட்கார வேண்டும். உங்கள் கேமராவின் மவுண்ட் (லென்ஸைப் பொருத்தும் வளையம்) 44-இல் இருக்கிறது. தூரக் காட்சியில் ஃபோகஸ் ஆகாது. நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் (இணைப்பு வளையம்) போட்டால் ஆகும், ஆனால் கூர்மை போய்விடும். எம்42 (டகுமார் போன்ற திருகு மவுண்ட்) லென்ஸ் 45.46, நிக்கான் 46.5. இரண்டும் சாதாரண அடாப்டரிலேயே உங்களுக்குச் சரிப்படும். மிரர்லெஸ் கேமரா வாங்கினால் அதன் மவுண்ட் சென்சாருக்கு இன்னும் கிட்டே இருக்கும், இந்தக் கவலையே இல்லை, எல்லாம் பொருந்தும்.

மலிவான அடாப்டர்களைக் கொஞ்சம் மெலிதாகவே செய்கிறார்கள். வளையத்தை முட்டும்வரை திருப்பினால் இன்ஃபினிட்டியை (மிகத் தூரக் காட்சிக்கான ஃபோகஸை) தாண்டிப் போய்விடும். அதனால் முட்டும் இடத்தை நம்பாமல், ஒவ்வொரு முறையும் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். "இந்த லென்ஸ் சரியில்லை" என்று என்னிடம் வந்த படங்களில் பாதி இந்தக் கோளாறுதான்.

சிதம்பரத்திலிருந்து ஒரு அக்கா: பிச்சாவரத்துக்கு ஹீலியோஸ் 44-2 சரிவருமா தம்பி?

அக்கா, அந்த 58 எம்எம் லென்ஸை எல்லோரும் வாங்குவது முழுதாகத் திறந்தால் பின்னணி சுழல்வதற்காக. சுரபுன்னைக் காட்டில் இலை இலையாகத் தெரிய வேண்டும் என்றால் எஃப் 8-க்கு வாருங்கள், நன்றாகவே இருக்கும். வெயில் எதிரே பட்டால் பழைய பூச்சு என்பதால் வெளுக்கும், கட்டாயம் ஹூட் (முன்கண்ணாடியில் வெயில் படாமல் மறைக்கும் மூடு) போடுங்கள்.

ஆனால் பிச்சாவரத்தில் கூர்மையைத் தீர்மானிப்பது படகு. படகில் டிரைபாட் வைத்துப் பயனில்லை, படகோடு அதுவும் ஆடும். ஷட்டர் 1/250-க்குக் கீழே போகாமல், ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) தயங்காமல் ஏற்றுங்கள். இன்னொன்று, ஒரு போலரைசர் ஃபில்டர் வாங்குங்கள். ஈர இலைகளின் மேல் மினுங்கும் வெள்ளைப் பளபளப்பை அது எடுத்துவிட்டால், அடியில் இருக்கும் நரம்பும் நிறமும் வெளியே வரும். லென்ஸை மாற்றினாலும் இவ்வளவு வித்தியாசம் வராது. நான் அங்கே விரும்பி எடுத்துப் போவது நிக்கான் 105 எஃப் 2.5. வாய்க்காலின் மறுமுனையில் வேர்கள் பின்னிக் கிடப்பதைத் தனியாகப் பிரித்து எடுக்க அதுபோல எனக்கு வேறொன்று அமையவில்லை.

வில்லியனூர் நண்பர்: சாம்யாங் 14 எம்எம் எஃப் 2.8 கூர்மை என்கிறார்கள், உண்மையா?

உண்மை, விலைக்கு மிக நல்ல கூர்மை. ஆனால் நேர்கோட்டை மீசை போல வளைக்கும். நமக்கோ எந்தப் படத்திலும் கடல் தொடுவானம் ஒன்று குறுக்கே ஓடும். அதைச் சட்டத்தின் நடுவில் வைத்தால் தப்பிக்கலாம், இல்லாவிட்டால் மென்பொருளில் அந்த லென்ஸுக்கான திருத்தத்தைப் போட வேண்டும். லாவோவா 15 எம்எம் எஃப் 2-இல் இந்தத் தொல்லை மிகக் குறைவு, விலைதான் கூடுதல். பணம் ஒரு பொருட்டில்லை என்றால் வாய்க்லேண்டர் 50 எம்எம் எஃப் 2 அப்போ-லாந்தரைப் பாருங்கள். முழுதாகத் திறந்தே மூலைவரை அப்படி ஒரு தெளிவு.

சென்னையிலிருந்து அடிக்கடி வருபவர்: புதுச்சேரியில் அறை எடுத்துத் தங்கி விடியற்காலை போனால், முதல் பத்துப் படம் மங்கலாக வருகிறது. லென்ஸில் கோளாறா?

ஏசிதான் காரணம். குளிர்ந்த கண்ணாடி கடற்காற்றில் பட்டதும் வியர்க்கிறது. இரவே பையை ஏசி இல்லாத இடத்தில் வையுங்கள். முடியாவிட்டால், பையைத் திறக்காமல் வெளியே அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் உப்புத் தூறல். கடற்கரையில் ஒரு மணி நேரம் நின்றால் முன்கண்ணாடியில் மெல்லிய படலம் படியும். முதலில் ஊதிவிட்டு, லேசாக ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் பூச்சு கீறும்.

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு ஐயா: பூஞ்சை வராமல் எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்?

ஐயா, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது என்னிடம் மின்சாரத்தில் ஓடும் உலர் பெட்டி இருந்தது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மூன்று வாரம் ஆனது. மூடிய பெட்டிக்குள் ஒரு 50 எம்எம்மில் நூல் நூலாகப் பூஞ்சை ஓடிவிட்டது. சுத்தம் செய்தும் வெயிலுக்கு எதிரே இன்றும் வெளுக்கிறது. அன்றிலிருந்து ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு ஈரமானி, அவ்வளவுதான். 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை ஜெல்லை வறுத்து மாற்றுகிறேன்.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி: கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவும் 18-55 கிட் லென்ஸும் வைத்திருக்கிறேன். பழைய 28 எம்எம் வாங்கினால் படம் மாறுமா அண்ணா?

பெரிதாக மாறாது தம்பி. உங்கள் கேமராவில் 28 எம்எம் என்பது 42 போலத்தான் தெரியும், அகலக் காட்சி கிடைக்காது. உங்கள் கிட் லென்ஸே 24 எம்எம்மில் எஃப் 8 வைத்தால் தெளிவாக எடுக்கும். அந்தப் பணத்தில் கனமான டிரைபாட் ஒன்று வாங்குங்கள். சில்வர் பீச்சில் அலை வந்து திரும்பும்போது காலுக்கடியில் மணல் இறங்கும். மூன்று காலையும் நன்றாக அழுத்தி ஊன்றி, இரண்டு அலை அடித்து ஓய்ந்த பிறகு ஷட்டரை அழுத்துங்கள்.