பொம்மையை நடக்க வைப்போம்: ஸ்டாப் மோஷன் வாசகர் கேள்வி பதில்

ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு மொபைலில் 20 விநாடிப் படம் எடுத்தேனுங்க. ஓட்டிப் பார்த்தால் வெளிச்சம் மினுக் மினுக்கென்று அடிக்கிறது. பொம்மை அசைவு நன்றாகத்தான் இருக்கிறது. எதனால் இப்படி ஆகிறது?
- வாசகர், சோமனூர்

ஸ்டாப் மோஷன் என்பது பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம் என்று எடுத்து வரிசையாக ஓட்டுவது. விநாடிக்கு 12 படம் என்றால் 20 விநாடிக்கு 240 படம். எடுத்து முடிக்க அரை நாளாவது ஆகும். அதற்குள் ஓட்டுச் சந்தில் விழும் வெயில் இடம் மாறிவிடும். ஜன்னல் கதவு போதாது, கறுப்புத் துணியை இரண்டாக மடித்து இடுக்குகளையும் சேர்த்து மூடுங்கள்.

அடுத்தது மொபைல். ஒவ்வொரு படத்துக்கும் அது தானாக வெளிச்சத்தையும் நிறத்தையும் கணக்கிடுகிறது. பொம்மை கையைத் தூக்கினாலே கணக்கு மாறும். மேனுவல் முறைக்குப் போய் ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100, வொயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) 5000 கெல்வின், ஃபோகஸ் மூன்றையும் பூட்டுங்கள். ஷட்டரை, அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சம் உள்ளே விழும் நேரத்தை, 1/4 விநாடியில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் விளக்கு விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 1/500 போன்ற வேகத்தில் எடுத்தால் அந்த ஏற்ற இறக்கம் படத்தில் பதிந்துவிடும். 1/4 விநாடியில் எல்லாம் கலந்து சமமாகிவிடும். பொம்மை அசையாமல்தானே நிற்கிறது, மெதுவான ஷட்டரால் கலங்காது. மொபைலைத் தொடாமல் ப்ளூடூத் பொத்தானால் எடுங்கள்.

உங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு. ஒரே லைனில் விசைத்தறிகள் ஓடும்போது வோல்டேஜ் இறங்கி ஏறும். மலிவான எல்ஈடி பல்பு அதை அப்படியே காட்டிவிடும். 12 வோல்ட் பேட்டரியில் எரியும் எல்ஈடி பட்டையைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் தறி நின்ற பிறகு எடுங்கள். வெள்ளை வேட்டி சட்டையோடு பொம்மை பக்கத்தில் நின்றாலும் வெளிச்சம் தெறிக்கும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஒரே இடத்தில் நில்லுங்கள்.

டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் லென்ஸ் ஒவ்வொரு முறையும் திறந்து மூடும்போது வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவு மயிரிழை மாறும். துவாரத்தைக் கையால் திருப்பி வைக்கும் பழைய லென்ஸை அடாப்டரோடு மாட்டினால் அந்த மினுக்கு போய்விடும்.

பொம்மைக்குள் கட்டுக்கம்பி வைத்தேன். முட்டியிலேயே முறிகிறது. தடிமனான கம்பி போட்டால் வளைத்த இடத்தில் நிற்காமல் திரும்புகிறது.
- வாசகி, திருப்பூர்

கட்டுக்கம்பி இதற்கு ஆகாது. இரும்பு துள்ளும். செம்பு நாலு தடவை வளைத்தால் விறைத்துவிடும். மோட்டார் காயில் கட்டும் கடைகளில் மெல்லிய அலுமினியக் கம்பி கிடைக்கும், அதை வாங்குங்கள். 20 செ.மீ. பொம்மைக்குக் கைக்கு 1.5 மி.மீ. கம்பி இரண்டு இழை, காலுக்கும் முதுகுக்கும் 2 மி.மீ. இரண்டு இழை. டிரில் மெஷினில் மாட்டி மெதுவாக முறுக்குங்கள். இறுக்கி முறுக்கினால் அப்போதே பாதி விறைத்துவிடும், தளர்வான முறுக்கே போதும்.

இனி முட்டி. எலும்பு வரவேண்டிய இடங்களில் எம்-சீல் பூசி, மூட்டில் மட்டும் கம்பியை வெறுமனே விடுவோம். அந்த இடைவெளி 3 மி.மீ.தான் என்றால் வளைவு முழுவதும் ஒரே புள்ளியில் விழுந்து, எம்-சீல் விளிம்பில் கம்பி அறுந்துபோகும். 10 மி.மீ. விடுங்கள், வளைவு பரவும். அப்படியும் ஒருநாள் முறியத்தான் செய்யும். அதனால் இடுப்பில் சின்னச் சதுரப் பித்தளைக் குழாயை எம்-சீலில் பதித்து, காலை அதில் செருகிக் கழற்றும்படி செய்யுங்கள். உருளைக் குழாய் என்றால் கால் சுற்றிக்கொள்ளும்.

பாதத்தில் எம்3 (3 மி.மீ. போல்ட்டுக்கான) நட்டு ஒன்றைப் பதித்து, 6 மி.மீ. பிளைவுட் மேடையின் அடியிலிருந்து போல்ட் முடுக்கினால்தான் பொம்மை ஒற்றைக்காலில் நிற்கும். கால் நகர்ந்த பிறகு துளையை அதே நிறக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள்.

உடைக்கு உங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. மெல்லிய பனியன் கட்டிங் வேஸ்ட் நன்றாக இழுபடும், மூட்டில் சுருங்காது. வேட்டி, சேலை என்றால் ஓரத்தில் மெல்லிய கம்பியை மடித்துத் தைத்து, உள்பக்கம் நீர்த்த ஃபெவிகால் பூசுங்கள். இல்லையேல் விரல் படும்போதெல்லாம் மடிப்பு மாறி, படத்தில் துணி கொதிப்பது போலத் தெரியும். 1933-ல் வந்த 'கிங் காங்' படத்துக் குரங்கின் ரோமம் ஓயாமல் நெளிவதும் பொம்மையை நகர்த்தியவர்களின் விரல் பட்டதால்தான்.

காங்கேயம் காளை ஒன்று செய்து நடக்கவிட்டேன். வழுக்கிக்கொண்டு போகிறது, கனமே தெரியவில்லை.
- வாசகர், காங்கேயம்

கால்களின் வரிசையை முதலில் பாருங்கள். மாடு நடக்கும்போது இடப் பின்னங்கால், இட முன்னங்கால், வலப் பின்னங்கால், வல முன்னங்கால் என்று ஒவ்வொன்றாக ஊன்றும். குறுக்குக் கால்கள் இரண்டும் சேர்ந்து எழுந்தால் அது ஓட்டம். ஒரு முழுச் சுற்றுக்கு 14 முதல் 16 படம் வையுங்கள்.

கனம் காலில் தெரியாது, தோளில்தான் தெரியும். முன்னங்கால் ஊன்றிய அடுத்த படத்தில் அந்தப் பக்கத் தோளை 2 மி.மீ. இறக்குங்கள், அதற்கடுத்த இரண்டு படங்களில் மெல்ல ஏற்றுங்கள். தலை ஒரு படம் பிந்தித் தாழட்டும், திமில் அதற்கும் ஒரு படம் பிந்தி ஆடட்டும். எல்லாம் ஒன்றாக அசைந்தால் மரக்குதிரைதான். காளையின் தலை, கழுத்து, திமில் மூன்றும் உடம்பைவிடக் கருமையாக இருக்கும், அந்த நிறத்தையும் விட்டுவிடாதீர்கள்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒருநாள் முகாமில் 2 நிமிடக் களிமண் படம் எடுக்க ஆசை. முடியுமா? சித்திரை வெயிலில் களிமண் கொழகொழத்துவிடுமோ என்றும் பயம்.
- ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

2 நிமிடம் என்றால் 1,440 படம். ஒரு நாளில் ஆகாதுங்க டீச்சர். ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு 15 விநாடி, 180 படம் என்று வையுங்கள், மாலைக்குள் முடித்துவிடுவார்கள்.

குளத்துக் களிமண் காய்ந்து வெடிக்கும். எண்ணெய் கலந்த பிளாஸ்டிசின் காயாது, ஆனால் வெயிலில் இளகும். 10 பங்குக்கு 1 பங்கு தேன்மெழுகை, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் உருக்கிப் பிசையுங்கள். இதை முந்தின நாளே நீங்கள் செய்துவிடுங்கள், பிள்ளைகளிடம் விட வேண்டாம். வெள்ளையை முதலில் உருட்டச் சொல்லுங்கள். சிவப்பைத் தொட்ட கையால் வெள்ளையைத் தொட்டால் அது திரும்ப வெள்ளையாகாது.

அண்ணன்மார் கதை முழுவதையும் பொம்மைப் படமாக எடுக்க விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது?
- நண்பர்கள் குழு, அவிநாசி

அண்ணன் பொன்னர், தம்பி சங்கர் இருவரையும் பற்றிப் பல இரவுகள் உடுக்கடித்துப் பாடுகிற கதை அது. முழுவதையும் எடுக்கப் புறப்பட்டால் ஆண்டுகள் ஓடிவிடும். கொம்பன் பன்றி வேட்டை ஒன்றை மட்டும் எடுங்கள், 90 விநாடி போதும். அதிலும் பன்றியை உடனே காட்ட வேண்டாம். புதர் அசையட்டும், சங்கர் நிற்கட்டும், பொன்னர் திரும்பிப் பார்க்கட்டும். கோபக்காரத் தம்பி முன்னால் சாய்ந்தும், நிதானமான அண்ணன் குதிகாலில் கனத்தை வைத்தும் நின்றால், வசனமே இல்லாமல் இருவரையும் அடையாளம் தெரியும். பொம்மை நிற்கிற இடங்களில் எங்களுக்கு நம்பிக்கை அதிகம். 10 படம் அசையாமல் நின்ற பிறகு வருகிற ஒரு சின்னத் திருப்பம், ஓயாமல் ஆடும் பொம்மையைவிட அதிகம் சொல்லும்.

உடுக்கையை முதலிலேயே ஒலிப்பதிவு செய்துவிடுங்கள். விநாடிக்கு இரண்டு அடி என்றால் ஓர் அடிக்கு 6 படம். ஈட்டி பாய்வது, கால் ஊன்றுவது எல்லாம் அந்த ஆறாவது படத்தில் விழும்படி, எடுப்பதற்கு முன்பே தாளில் கட்டம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பொம்மை பேச எத்தனை வாய் செய்ய வேண்டும்?
- வாசகர், ஈரோடு

தமிழுக்கு எட்டு போதும். ம, ப வரும்போது மூடிய உதடு, வ-வுக்குக் கீழுதட்டில் மேற்பல், ஆ, ஈ, ஊ, ஓ நான்குக்கும் தனித்தனி வாய், த, ல-வுக்குத் தெரியும் நாக்கு நுனி, ச, ர போன்ற மற்றவற்றுக்கெல்லாம் பாதி திறந்த வாய் ஒன்று. ஒவ்வோர் எழுத்துக்கும் வாய் மாற்றினால் தாடை படபடக்கும். மூடும் உதட்டையும் நெடிலையும் பிடித்தால் போதும், காது மற்றதை நிரப்பிக்கொள்ளும். மூடிய உதட்டை மட்டும் ஒலிக்கு ஒரு படம் முன்னதாக வையுங்கள். வாய்களின் பின்னால் 3 மி.மீ. காந்தமும், முகத்தில் சின்ன இரும்புத் தகடும் ஒட்டினால் மாற்றும்போது தலை அசையாது. இரண்டிலும் காந்தம் வைத்தால் துருவம் மாறித் தள்ளிவிடும்.