நாவலைத் தவிர வேறெதிலும் மனம் ஒட்டவில்லை என்கிறீர்களா?

"நாவல் மட்டும்தான் என்னால் வாசிக்க முடிகிறது. வரலாறு, ஆய்வு என்று எதையாவது எடுத்தால் பத்துப் பக்கத்தில் தூக்கம் வருகிறது. அண்மையில் பலவகை நூல்களை வாசித்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை, சமையல், பிள்ளைகளின் பாடம் எல்லாம் முடிந்து இரவு பத்து மணிக்குத்தான் உங்கள் கைக்குப் புத்தகம் வரும் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் எனக்கும் தூக்கம்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விமர்சகி இல்லை. மட்டக்களப்பில் கணிதம் படிப்பிக்கிறவள். பிறந்த ஊர் காரைதீவு. எங்கள் வீட்டில் புத்தகம் தங்கியதில்லை. 1978 நவம்பர் சூறாவளியில் கூரையோடு கொஞ்சம் போனது, மிச்சத்தை 2004இல் கடல் கொண்டுபோனது. அதனால் இப்போது பெரும்பாலும் போனில்தான் வாசிக்கிறேன். தாளின் வாசம் அது இது என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

போன வருடம் அம்மாவை 19 நாட்கள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். துணைக்கு நின்றது நான். அந்த நாட்களில் என் போனில் இருந்தவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கு புத்தகங்கள்.

2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் 'மாலி அல்மெய்தாவின் ஏழு நிலவுகள்' நாவலைக் கிளினிக் வரிசையில் நம்பர் துண்டோடு நின்றபடி ஆங்கிலத்தில் தொடங்கினேன். 1990இல் கொழும்பில் செத்துப்போன ஒரு புகைப்படக்காரன், மேலுலகத்திலும் ஒரு கந்தோரில் வரிசையில் நிற்கிறான். சிரிப்பை அடக்க முடியவில்லை. கதை முழுக்க அவனை முன்னிலையில் வைத்தே சொல்லப்படுகிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல், நான் மனதுக்குள் தமிழாக்கும்போது 'நீ'யா 'நீங்களா' என்ற தடுமாற்றம் நூறு பக்கம் வரை போகவில்லை. தன்னைக் கொன்றது யார் என்று தெரியாமல் அலைகிறவனின் கதை என்று அம்மாவிடம் சொன்னேன். "எங்கட ஆக்களுக்கும்தான் தெரியாது" என்றுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு அதற்குமேல் நான் வாசிக்கவில்லை.

துப்பறியும் கதைக்கு அகதா கிறிஸ்டியின் 'ரோஜர் ஆக்ராய்டின் கொலை'. 1926இல் வந்தது. முக்கால்வாசி போயிருக்கும்போது, சோற்றுப் பார்சல் கொண்டுவந்த தம்பி முடிவைச் சொல்லிவிட்டான். வேறு புத்தகமென்றால் பரவாயில்லை, இதில் முடிவுதான் எல்லாமே. இன்றுவரை அவனோடு அந்தக் கோபம் உண்டு.

அப்புறம் விபுலானந்த அடிகளின் 'யாழ் நூல்'. எங்கள் ஊர்க்காரர், விஞ்ஞானமும் கணிதமும் படிப்பித்தவர், கல்லடி உப்போடையில் அவருடைய சமாதியைக் கடந்துதான் தினமும் வேலைக்குப் போகிறேன். சிலப்பதிகாரத்து யாழைக் கணக்குப் போட்டு மீட்டெடுக்க முயன்ற நூல் அது. 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் போய்விட்டார். கணக்கு எனக்கு விளங்கும் என்ற திமிரில்தான் தொடங்கினேன். விகிதங்கள் விளங்கின, ஆனால் அவை சுட்டும் சுரம் காதில் கேட்கவில்லை. இசை தெரியாதவளுக்கு அது பாதிப் புத்தகம்தான். விட்டுவிட்டேன். ஊர்ப்பெருமையை அவமதிக்கிறாள் என்று யாராவது வருவார்கள், வரட்டும். வருகிறவர்கள் எத்தனை பக்கம் வாசித்தார்கள் என்பதையும் சொல்லிவிட்டு வரட்டும்.

சொல்ல வந்தது நான்காவதைப் பற்றி. பண்டிதர் வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்', 1964. எங்கள் பக்கத்து மக்களின் வரலாறு, வழக்கங்கள், பாட்டுகள் பற்றிய நூல். நூலகம் என்ற இணையத்தளத்தில் ஸ்கேனாகக் கிடைக்கிறது. உங்களைப்போல நானும் பத்துப் பக்கத்தில் கண்ணயர்ந்தேன். நாட்டுக்கவிகள் வரும் இடத்தில் அம்மாவின் பொழுது போகட்டும் என்று சத்தமாக வாசித்தேன். "இல்லகா புள்ள, அது அப்படியில்ல" என்றார். இரண்டு நாளாக வாய் திறக்காதவர், முழுக் கவியையும் தன் பாட்டுக்குச் சொல்லி முடித்தார். பக்கத்துக் கட்டிலில் அக்கரைப்பற்றைச் சேர்ந்த முஸ்லிம் அக்கா ஒருவர், எங்கள் பேச்சில் ராத்தா, படுத்திருந்தார். இரண்டுமே பிழை, தங்கள் பக்கம் வேறு மாதிரி என்று எழுந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு தினமும் நாலு மணிக்கு எனக்கு இதுதான் வேலை. நான் வாசிப்பேன், இருவரும் சேர்ந்து புத்தகத்தைத் திருத்துவார்கள், பிறகு ஒருவரையொருவர் திருத்துவார்கள். மருந்து கொடுக்க வந்த மிஸ் இரண்டு தடவை ஏசினார்.

இந்த நூல் நான் முன்பு படிப்பித்த ஒரு பள்ளிக்கூடத்து நூலகத்தில் அச்சுப் பிரதியாகவே இருந்ததாம். ஏழு வருடம் அங்கே இருந்தும் நான் கண்டதில்லை. நூலக அறையில் சோதனை மேசைகளை அடுக்கி, பூட்டி, திறப்பைப் பெரியவர் ஒருவர் தன் அலுமாரியில் வைத்திருந்தார். கேட்டால் "பிள்ளைகள் புத்தகத்தைக் கிழிச்சுப்போடும்" என்பார். கறையான் கிழிக்காதா? கேட்டதற்காக வருட இறுதி வரை எனக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. சரி, அதை விடுங்கள்.

ஒரு கவியில் ராத்தாவுக்குத் தன் பக்கத்துக் கடைசி அடி ஞாபகம் வரவில்லை. டிக்கட் வெட்டி வீட்டுக்குப் போகும்போது என் நம்பரை வாங்கிப்போனார். இரண்டு மாதம் கழித்து, பாடம் நடந்துகொண்டிருக்கும்போது போன் வந்தது. சுகமா என்றுகூடக் கேட்கவில்லை, நேரே அந்த அடிதான். கரும்பலகையில் சமன்பாட்டுக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சொன்னால் அம்மா அதையும் பிழை என்கிறார்.