ஆச்சி, அந்த மேனேஜ்மென்ட் சீட்டை விட்டுவிடுங்கள்

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கடலடியில் இரண்டு நிலத்தட்டுகள் விலகும் இடத்தில் எரிமலைப் பாறையைத் துளைத்து ஆராய்கிறார்களாம், அதற்குத்தான் படிப்பேன் என்கிறாளாம். சிங்கப்பூர் அம்மானோ கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேறு பேச்சே கூடாது என்கிறார். தனியார் கல்லூரி ஒன்று முன்பணம் கேட்கிறது. நகையை அடகு வைக்கலாமா?

வேண்டாம் ஆச்சி. மகளுக்குப் பிடிக்காத படிப்புக்காக நகையை அடகு வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வட்டி கட்டப்போவது நீங்கள், அம்மான் அல்லர். கம்ப்யூட்டர் படிப்பின் அருமைபெருமைகளை ஊரே சொல்லும். நான் அதற்குள் போகவில்லை.

மகள் சொல்வது வெறும் கனவும் அல்ல. தட்டுகள் விலகும்போது கீழிருந்து எழும் பாறை, அழுத்தம் குறைவதால் உருகி, பசால்ட் என்ற கருநிற எரிமலைப் பாறையாக உறைந்து புதிய கடல்தளமாகிறது. மேலே தலையணை வடிவ எரிமலைப் பாறை, அதற்குக் கீழே செங்குத்தாக நெருங்கி நிற்கும் பாறைச்சுவர்கள், அடியில் மெல்ல ஆறி உறைந்த காப்ரோ என்ற பாறை. இவற்றை இருந்த இடத்திலேயே எட்டத்தான் துளையிடுகிறார்கள். கோஸ்டாரிகா பிளவு என்ற கடலடிப் பிளவுக்குத் தெற்கே 504பி என்ற துளையை 1979இல் தொடங்கி, பல பயணங்களில் திரும்பத் திரும்பப் போய், 1993இல் கடல்தளத்துக்குக் கீழே 2,111 மீட்டர் வரை இறங்கினார்கள். கிழக்குப் பசிபிக்கில் 1256டி துளை காப்ரோவைத் தொட்டது 2005இல்தான். ஒவ்வொரு முறையும் அதிகபட்சம் பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் பாறைத்தண்டு மேலே வரும். அதை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியை ஆய்வுக்கு எடுப்பார்கள், மறுபாதியைத் தொடாமல் காப்பார்கள். சுமார் இரண்டு மாதப் பயணம், நாளுக்கு 12 மணி நேரப் பணிமுறை. பாறையைப் படிப்பவர், அதன் காந்தத்தன்மையை அளப்பவர், உள்ளே உயிர் இருக்கிறதா என்று தேடுபவர் எல்லோருக்கும் அங்கே வேலை உண்டு. (இந்தியப் பெருங்கடலில் எடுத்த தண்டுகள் கொச்சியில் இருக்கின்றன. கேரளத்துக் கொச்சி அல்ல, ஜப்பானில் உள்ள கொச்சி!)

பெண் பிள்ளை கப்பலிலா என்கிறீர்கள். 2023இல் அட்லாண்டிக் நடுமலைத்தொடரில் 1,268 மீட்டர் துளையிட்ட பயணத்தின் இரு தலைமை விஞ்ஞானிகளில் ஒருவர் சூசன் லேங் என்ற பெண்மணி. கொண்டுவிற்க ரங்கூனுக்குக் கப்பலேறிய ஐயாக்களைக் கண்ட ஊரில் இந்தக் கேள்வி எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

மகளிடமும் கறாராகச் சொல்லிவிடுங்கள். அமெரிக்கத் துளைக் கப்பலான ஜாய்டஸ் ரெசல்யூஷனின் ஆய்வுப் பயணங்கள் 2024இல் முடிந்துவிட்டன. கப்பலில் இடம் கிடைப்பதும் பெரும்பாலும் முனைவர் பட்ட காலத்திலோ அதற்குப் பிறகோதான், அதுவும் சிலருக்கே. ஆகவே கரையில் சோறு போடும் படிப்பாகவும் இது இருக்க வேண்டும், இருக்கிறது. பி.எஸ்சி. நிலவியலை சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி ஆகியவற்றில் படிக்கலாம். பிறகு ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. அதை முடித்தால் யு.பி.எஸ்.சி.யின் ஒருங்கிணைந்த புவி விஞ்ஞானித் தேர்வு வழியே இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்திலோ மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலோ அரசு வேலைக்கு முயலலாம். துளையிடும் ஆசை தீராவிட்டால், நிலநடுக்கத்தை ஆராய 3,000 மீட்டர் துளையிட்ட கொய்னா மகாராஷ்டிரத்தில்தான் இருக்கிறது; கடல் ஆசை தீராவிட்டால் கோவாவில் தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வெளிநாட்டில் இளங்கலை படிக்கக் கடன் வாங்கும் யோசனையை யாராவது கொண்டுவந்தால் அதையும் மறுத்துவிடுங்கள்.

சேர்க்குமுன் மகளோடு கல்லூரியின் நிலவியல் துறைக்கே போங்கள். பாறைச் சீவல்களைப் பார்க்கும் நுண்ணோக்கிகள் வேலை செய்கின்றனவா, ஆண்டுதோறும் களப்பயணம் உண்டா என்று அவளே கேட்கட்டும். களப்பயணம் இல்லையென்றால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.