சேட்டிலைட் மேப் சும்மாவே கிடைக்குதே, தனியா சர்வே எதுக்கு?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்காரு: வெளிநாட்டு நிதியில மலைக்கிராமத்துக்குக் குழாய் போட்டு குடிதண்ணி கொண்டுபோற திட்டத்துல இருக்கேன், மேப்தான் ஃப்ரீயா கிடைக்குதே, சர்வேக்கு ஏன் தனியா பட்ஜெட்னு கேக்கறாங்க, என்ன சொல்றது?

அந்த மேப்ப வச்சு என்ன முடிவு எடுக்கப் போறீங்கன்னு மொதல்ல பாருங்க. 2010 ஜனவரில ஹைட்டில பூகம்பம் வந்தப்போ, தலைநகருக்கு இன்டர்நெட்ல இருந்த தெரு மேப் அரைகுறைதான், எங்கெங்கயோ இருந்த தன்னார்வலர்கள் சேட்டிலைட் படத்தப் பாத்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ங்கற, யார் வேணா வரையலாம்ங்கற இன்டர்நெட் மேப்புல ரோடு ரோடா வரைஞ்சாங்க, மீட்புக்குப் போனவங்க அத ஜிபிஎஸ்ல ஏத்திட்டுப் போனாங்க. அங்க அஞ்சு மீட்டர் தள்ளியிருந்தாலும் குடிமுழுகிடாது. ருவாண்டால 2009லேர்ந்து 2013க்குள்ள ஒரு கோடி நிலத்துண்டுக்கு மேல அளந்து முடிச்சாங்க, எப்படின்னா உள்ளூர் ஆளுங்களுக்கே பயிற்சி குடுத்து, வானத்துலேர்ந்து எடுத்த படத்த பிரின்ட் போட்டு, நிலத்துக்காரரும் பக்கத்து நிலத்துக்காரரும் நேர்ல வந்து காட்டுன எல்லைய அதுமேலயே பேனாவால கோடு போட்டு. சென்டிமீட்டர் கணக்கவிட அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் "ஆமா, இதுதான்"னு ஒத்துக்கறதுதான் அங்க பெருசு.

தண்ணிக்கு இது செல்லாது. ஃப்ரீயா கிடைக்கற உயர டேட்டால பிரபலமான எஸ்ஆர்டிஎம் 2000ல ஸ்பேஸ் ஷட்டில்லேர்ந்து ரேடார் வச்சு எடுத்தது, உயரத்துல 16 மீட்டர் வரைக்கும் பிழை வரலாம்னு வச்சுக்கிட்டுதான் அந்தத் திட்டமே போட்டாங்க, அடர்ந்த காடுன்னா மரத்தோட உயரமும் அதுல சேந்துடும். உங்க ஊத்துக்கும் டேங்குக்கும் மொத்த இறக்கமே 12 மீட்டர்னா? அதுலயும் குழாய் உராய்வுல கொஞ்சம் போயிடும், நடுவுல ஒரு மேடு ஊத்தவிட ஒசரமா இருந்துட்டா பம்பு இல்லாம தண்ணி தாண்டறது ரொம்பக் கஷ்டம்.

அதனால ஆட்டோ லெவலும் (முக்காலி மேல வச்சு உயர வித்தியாசம் பாக்கற கருவி) ஸ்டாஃபும் (அளவு குறிச்ச நீளக் கம்பு) எடுத்துட்டு ஊத்துலேர்ந்து டேங்க் வரைக்கும் ரீடிங் எடுத்துட்டே போங்க, அப்படியே திரும்பி வந்து ஆரம்பிச்ச பாயிண்ட்லயே குளோஸ் பண்ணுங்க, அதாவது ஆரம்பிச்ச அதே உயரம் திரும்ப வருதான்னு பாருங்க, ரெண்டு கிலோமீட்டர் லைன்ல ரெண்டு மூணு சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம் வந்தா மறுபடி எடுக்கணும், சோம்பல் படாதீங்க. கூடவே ஊர்க்காரர் ஒருத்தர் கண்டிப்பா வரணும், எந்த ஊத்து கோடைல வத்தும்னு எந்த சேட்டிலைட்டும் சொல்லாது. வறண்ட மாசத்துல ஒரு பக்கெட்டும் வாட்சும் வச்சு, நிரம்ப எத்தன செகண்ட் ஆகுதுன்னு பாத்து எழுதிக்கோங்க, அதுவும் சர்வேதான்.

முடிஞ்சதும் பெஞ்ச்மார்க்க (உயரம் தெரிஞ்ச அடையாளக் குறி) அசையாத பாறைல வெட்டி வைங்க, ஸ்கெட்ச், லெவல் புக் (ரீடிங் எழுதின நோட்டு) ரெண்டுலயும் ஒரு காப்பி உள்ளூர் ஆபீஸ்ல குடுத்துடுங்க. திட்டம் முடிஞ்சதும் டேட்டாவும் யாரோ ஒருத்தர் லேப்டாப்போட ஊரவிட்டுப் போயிடுது, எனக்கு ரொம்ப வருத்தம் தர்ற விஷயம் இது, நாளைக்கு லைன நீட்டணும்னா ஊர்க்காரங்க மறுபடி மொதல்லேர்ந்து அளக்கணும்.