ஒரு மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் எந்த வகை இணைய இணைப்பு இருக்கிறது என்று எப்படி மதிப்பிடுவது?

கல்லூரி புராஜெக்டுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிடும் சந்தாதாரர் எண்ணிக்கையை மாவட்ட மக்கள்தொகைக்கு ஏற்பப் பிரித்தால் ஃபைபர் இத்தனை வீடு, மொபைல் இத்தனை வீடு என்று சொல்லிவிடலாமா என்பது உங்கள் கேள்வி. முடியாது. கள ஆய்வு வேலையில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

டிராய் எண்ணுவது இணைப்புகளை, வீடுகளை அல்ல. 2024 மார்ச் முடிவில் நாட்டில் ஏறத்தாழ 95 கோடி இணைய இணைப்புகள். வயர் வழியாக வருவது அதில் 4 கோடி அளவுதான், மிச்சமெல்லாம் வயர்லெஸ், பெரும்பாலும் சிம் கார்டு. 2011 கணக்கெடுப்பில் 24.67 கோடிக் குடும்பங்கள் இருந்தன. இன்றைக்கு 30 கோடி என்று வைத்துக்கொண்டு வகுத்தால் வீட்டுக்கு மூன்று சிம் வரும். ஆனால் ஒரு வீட்டில் நாலு பேரும் ஆளுக்கு இரண்டு சிம் வைத்திருப்பார்கள், பக்கத்து வீட்டில் ஒரே ஒரு பட்டன் போன் இருக்கும். சராசரி இந்த வித்தியாசத்தை அப்படியே மறைத்துவிடும்.

வயர் கணக்கு மட்டும் உதவும். 4 கோடியை 30 கோடியால் வகுத்தால் சுமார் 13 சதவீதம். கடை, ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் அதற்குள் அடக்கம் என்பதால் சந்தா கட்டும் வீடுகள் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். தேசிய அளவில் ஓர் உச்சவரம்பு கிடைத்துவிட்டது. உங்கள் ஆய்வில் ஒரு கிராமப்புற ஒன்றியத்தில் 40 சதவீதம் ஃபைபர் என்று வந்தால் திரும்பப் போய்ப் பாருங்கள். டிராய் கணக்கு மாவட்டம்வரை இறங்காது என்பதும் நினைவிருக்கட்டும். தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டம் என்றால் சென்னையும் புதுச்சேரியும் அதற்குள்ளேயே வரும்.

ஆகவே வீடு வீடாகப் போய்த்தான் ஆக வேண்டும். அங்கே எல்லாம் கேள்வியில்தான் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் 3.1 சதவீத வீடுகளில்தான் இணையம் என்று வந்தது. கம்ப்யூட்டர் அல்லது லேப்டாப் இருந்து, அதில் நெட் இருக்கிறதா என்றுதான் அன்றைக்குக் கேட்டார்கள். போனில் வரும் நெட் கணக்கிலேயே இல்லை. போன் நெட்டையும் சேர்த்துக் கேட்ட தேசிய மாதிரி ஆய்வில், இணையம் உள்ள வீடுகள் 2017-18ல் 23.8 சதவீதம், 2025 தொடக்கத்தில் 86.3 சதவீதம்.

“அக்கா, வீட்ல நெட் இருக்கா?” என்று கேட்டுப் பாருங்கள். “இல்ல தம்பி, அதெல்லாம் போடல” என்பார்கள். திண்ணையில் மகள் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பாள். அவர்களைப் பொறுத்தவரை நெட் என்றால் வயர் இழுத்து டப்பா வைப்பது. அதனால் “போன்ல கடைசியா எப்போ, எவ்வளவுக்கு ரீசார்ஜ் பண்ணீங்க? அதுல டேட்டா உண்டா? அதுக்கு மேல வைஃபைக்குன்னு தனியா யாருக்காவது பணம் கட்டுறீங்களா?” என்று கேளுங்கள். காசு கேள்விக்குப் பதில் தெளிவாக வரும்.

வகையையும் வாய்ச்சொல்லில் விடாதீர்கள். கேபிள்காரரிடம் வாங்கினால் ஃபைபராக இருந்தாலும் “கேபிள் நெட்” என்பார்கள். ஏர்ஃபைபர் வைத்தவர் ஃபைபர் என்பார். ஆனால் வீட்டுக்கு வயரே வராது, மாடியில் இருக்கும் ரிசீவர் 5ஜி சிக்னலை வாங்கித் தரும். அனுமதி கேட்டு டப்பாவைப் பாருங்கள். மெல்லிய ஃபைபர் வந்து சொருகியிருந்து, LOS என்று எழுதிய ஒரு விளக்கு இருந்தால் ஃபைபர். டெலிபோன் வயர் என்றால் டிஎஸ்எல். பக்கத்து வீட்டு வைஃபை பாஸ்வேர்டில் ஓடும் வீடுகளைத் தனியாகக் குறியுங்கள். நெட் உண்டு, சந்தா இல்லை.

மாதிரி அளவுக்கு 400 வீடு என்றால் கூடக்குறைய 5 சதவீதப் பிழை என்று புத்தகம் சொல்லும். ஃபைபருக்கு அது போதாது. ஒரு தெருவுக்குள் ஃபைபர் வந்தால் வரிசையாக நாலு வீட்டில் போடுவார்கள், அடுத்த ஊரில் ஒன்றுகூட இருக்காது. 20 தெருவில் தெருவுக்கு 20 வீடு என்பதைவிட 50 தெருவில் தெருவுக்கு 8 வீடு மேல். அலைச்சல் அதிகம்தான், ஆனாலும் அப்படியே செய்யுங்கள். நகரத்தையும் கிராமத்தையும் தனித்தனியே கணக்கிட்டு, அந்தந்தப் பகுதியின் குடும்ப எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டுங்கள். ஃபைபருக்கு வரும் விடையை ஒற்றை எண்ணாக எழுதாமல், இதிலிருந்து இதுவரை என்று வரம்பாகக் கொடுங்கள்.