பல வெப் சர்வர்கள் இருக்கும்போது யூசர் செஷனை எப்படிப் பகிர்வது?

பிஎச்பி தளம், முன்னால் வரும் ரிக்வெஸ்ட்களைப் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சர், பின்னால் மூன்று சர்வர்கள், லாகின் செய்தவர் அடுத்த கிளிக்கிலேயே மறுபடி லாகின் பக்கத்துக்கு வந்துவிடுகிறார், இதுதானே கேள்வி? பிஎச்பி வழக்கமாகச் செஷனை, அதாவது லாகின் செய்தவர் யார் என்பது போன்ற தகவலை, அந்தந்த மெஷினின் டிஸ்கில் ஒரு ஃபைலாக எழுதி வைக்கும். பிரவுசர் குக்கியில் எடுத்து வருவது வெறும் ஐடி மட்டும்தான். லோடு பேலன்சர் அவரை இரண்டாவது சர்வருக்கு அனுப்பினால் அங்கே அந்த ஃபைல் இல்லை, அதனால் காலி செஷன்தான் கிடைக்கும்.

ஸ்டிக்கி செஷன் போடுங்கள் என்று உடனே யாராவது சொல்வார்கள். ஒரே ஆள் எப்போதும் ஒரே சர்வருக்குப் போகிற மாதிரி லோடு பேலன்சரில் அமைப்பது. கோடில் கை வைக்க வேண்டாம், அது ஒரு வசதி. ஆனால் அந்த சர்வர் விழுந்தாலோ ரீஸ்டார்ட் ஆகி வேறு சர்வருக்கு மாற்றிவிடப்பட்டாலோ அதில் இருந்த அத்தனை பேரும் வெளியே. லோடு பேலன்சராக எஞ்சின்எக்ஸை வைத்து, யூசரின் ஐபி முகவரியைக் கொண்டு சர்வரைத் தேர்ந்தெடுக்கும் அதன் ஐபி ஹாஷை நம்பிச் செய்தால் இன்னொரு தொல்லை: ஐபிவி4 முகவரியில் முதல் மூன்று பகுதிகளை மட்டுமே அது பார்க்கும், எனவே ஒரு பெரிய அலுவலகமே ஒரே சர்வரின் தலையில் ஏறிவிடலாம். அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், நிரந்தரத் தீர்வாக நான் எடுக்க மாட்டேன்.

என் பதில் ரெடிஸ், டேட்டாவை மெமரியில் வைத்திருக்கும் ஒரு ஸ்டோர். பிஎச்பியை அதோடு பேச வைக்கும் பிஎச்பிரெடிஸ் எக்ஸ்டென்ஷனை நிறுவி, பிஎச்பி கான்ஃபிக் ஃபைலில் சேவ் ஹேண்ட்லர், சேவ் பாத் என்ற இரண்டு வரிகளை மாற்றினால் மூன்று சர்வரும் ஒரே இடத்தில் படித்து எழுதும். ட்ராஃபிக் அதிகமில்லை, மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் ஏற்கெனவே இருக்கிறது என்றால் அதிலேயே ஒரு செஷன் டேபிள் போட்டாலும் தாராளமாக ஓடும், அதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். காலாவதி நேரத்துக்கு ஒரு இண்டெக்ஸ் போட்டு, பழையதை அவ்வப்போது அழித்துவிடுங்கள், அவ்வளவுதான்.

ரெடிஸுக்கு மாறுவது சுலபம், மாறிய பிறகு வரும் தலைவலிதான் பலருக்குத் தெரியாது. ஃபைலில் செஷன் இருந்தபோது பிஎச்பி அந்த ஃபைலை லாக் செய்து வைத்திருக்கும், ஒரே யூசரின் இரண்டு ரிக்வெஸ்ட் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும். பிஎச்பிரெடிஸில் இந்த லாக் வழக்கமாக அணைத்தே இருக்கும். பக்கம் திறந்ததும் பின்னணியில் இரண்டு அஜாக்ஸ் ரிக்வெஸ்ட் ஒரே நேரத்தில் போனால், இரண்டும் முழுச் செஷனையும் படித்து, ஆளுக்கு ஒன்றை மாற்றி, முழுசாகத் திரும்ப எழுதும், கடைசியில் எழுதியது மட்டும்தான் மிஞ்சும். கார்ட்டில் போட்ட பொருள் எப்போதாவது மட்டும் காணாமல் போகிறது என்று புகார் வந்தால் முதலில் இங்கே பாருங்கள். செஷன் லாக்கிங்கை இயக்கிவிடுங்கள், அப்புறம் செஷனில் எழுத வேண்டியதை எழுதி முடித்ததும் அதை மூடிவிடுங்கள், இல்லையென்றால் மெதுவான ஒரு ரிக்வெஸ்ட் மற்றதையெல்லாம் காக்க வைக்கும்.

அடுத்தது மெமரி. கேஷுக்கு வைத்திருக்கும் அதே ரெடிஸில் செஷனையும் போட்டு, அதன் எவிக்ஷன் பாலிசி (இடம் போதாதபோது எதை நீக்குவது என்ற விதி) ஆல்கீஸ் எல்ஆர்யூ (எதுவானாலும் நெடுநேரம் தொடாததை நீக்குவது) என்று இருந்தால், மெமரி நிறைந்ததும் கேஷோடு சேர்த்துச் செஷன்களும் தூக்கி எறியப்படும். உள்ளே டேட்டாபேஸ் எண்ணை மட்டும் மாற்றினால் போதாது, மெமரி வரம்பு முழு இன்ஸ்டன்ஸுக்கும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் அந்த ரெடிஸ் முழுவதற்கும், பொதுவானது, தனி இன்ஸ்டன்ஸே வேண்டும். மெம்கேஷ்ட் என்ற இன்னொரு மெமரி ஸ்டோரிலும் இதே கதைதான், ரீஸ்டார்ட் செய்தால் எல்லாமே போய்விடும் என்பது கூடுதல். அந்த ஒரு ரெடிஸ் விழுந்தால் மொத்தத் தளமும் விழும் என்பதால் ஒரு ரெப்ளிகாவும் (நகல் ரெடிஸ்), முதன்மை விழுந்தால் நகலுக்கு மாற்றிவிடும் சென்டினலும் வைத்துக்கொள்ளுங்கள். ரெப்ளிகாவுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் டேட்டா போகும், மாற்றும் நேரத்தில் கடைசியாக எழுதிய சில போகலாம், செஷன் விஷயத்தில் அது பரவாயில்லை.

எல்லாவற்றையும் குக்கியிலேயே வைத்துவிடலாமே, கையொப்பமிட்ட டோக்கனான ஜேடபிள்யூடி போதுமே என்பவர்களும் உண்டு. சுமார் 4 கேபி வரம்புக்குள் அடங்க வேண்டும், கையொப்பம் மட்டும் போட்டிருந்தால் உள்ளே இருப்பதை யூசரே படிக்கலாம். ஒருவரை உடனடியாக வெளியேற்ற வேண்டுமென்றால் ரத்துப் பட்டியல் ஒன்றை எங்கேயாவது பொதுவாக வைக்க வேண்டும், அதாவது சுற்றிச் சுற்றி மறுபடி பொது ஸ்டோருக்கே வருகிறோம்.

உண்மையில் எந்த ஸ்டோர் என்பதைவிட உள்ளே என்ன போடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். யூசர் ஐடி, வேறு தளத்திலிருந்து வரும் போலி ரிக்வெஸ்ட்டைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன், இன்னும் ஓரிரண்டு சின்ன விஷயம், அதற்கு மேல் வேண்டாம். கார்ட் டேட்டாபேஸுக்குப் போகட்டும். முழு ஆப்ஜெக்டைச் செஷனில் போட்டால், ஒரு சர்வரில் புதுக் கோடும் இன்னொன்றில் பழையதும் ஓடும் டிப்ளாய் நேரத்தில் அது திறக்காமல் உடையும். அப்லோடு செய்த தற்காலிக ஃபைலின் பாதையைச் செஷனில் வைத்திருந்தால், செஷன் பகிரப்பட்டாலும் ஃபைல் இன்னும் ஒரே மெஷினில்தான் கிடக்கும், இதையும் தேடிப் பார்த்துவிடுங்கள்.

மூன்று சர்வரிலும் செஷன் குக்கியின் பெயர், சீரியலைஸ் ஹேண்ட்லர் (செஷனைச் சேமிக்க எந்த வடிவில் மாற்றுவது என்ற அமைப்பு), காலாவதி நேரம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் சொன்னது பிஎச்பியில் வழக்கமாக 1440 விநாடி, ரெடிஸில் அதுவே காலக்கெடு ஆகிவிடும். ரெஸ்பான்ஸ் ஹெடரில் சர்வர் பெயரைக் காட்டச் செய்து, லாகின் செய்துவிட்டு அந்த சர்வரையே நிறுத்திப் பாருங்கள். புது ஸ்டோருக்கு மாறும்போது ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் ஒருமுறை லாக்அவுட் ஆவார்கள், அதனால் ஆள் நடமாட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.