பீனிக்ஸ் நம் குடும்பத்துக்கு ஒத்து வருமா? பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி இதுதான். பாளையங்கோட்டை மகாராஜநகரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்கு அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸில், சிப் தயாரிக்கும் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. பிள்ளைகள் இரண்டு பேர், 9 வயது, 4 வயது. மாமனாருக்கு 68 வயது, சர்க்கரை உண்டு, தினமும் விடியற்காலையில் வ.உ.சி. மைதானத்தில் நடக்கிறவர்; ஆறு மாதம் கூட வந்து இருக்க ஆசைப்படுகிறார். கொழுந்தன் அங்கேயே அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேரப் பார்க்கிறார். "என் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியும், எனக்குத் தெரியாது. 50 டிகிரி வெயில் என்கிறார்கள், போனவர்களோ நல்ல ஊர் என்கிறார்கள். எங்களுக்குச் சரிப்படுமா? குவீன் கிரீக் பக்கம் வாடகை குறைவாம், அங்கே வீடு எடுக்கலாமா?"

நான் அந்த ஊரில் 11 வருடம் இருந்தவன். முதலில் டெம்பி, அப்புறம் சாண்ட்லர். அதனால் நேரடியாகவே சொல்கிறேன்: உங்கள் கணவருக்கும் கொழுந்தனுக்கும் ஊர் நன்றாகவே ஒத்து வரும், பிள்ளைகளுக்கும் வரும், மாமாவுக்கு வருடத்தில் பாதிக்கு வரும். உங்களுக்கு ஒத்து வருமா வராதா என்பது நீங்கள் கார் ஓட்டக் கற்றுக்கொள்வதையும், வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. வெளி ஓரத்தில் இருக்கும் குவீன் கிரீக்கில் எடுக்க வேண்டாம், இப்போதைக்கு.

ஏன் என்று சொல்கிறேன். பீனிக்ஸ் என்று நாம் சொல்வது ஓர் ஊர் கிடையாது. பீனிக்ஸ், மேசா, சாண்ட்லர், கில்பர்ட், டெம்பி, ஸ்காட்ஸ்டேல், கிளெண்டேல் என்று ஒன்றோடொன்று ஒட்டிப் பரந்து கிடக்கும் ஊர்க்கூட்டம் அது. 2020 கணக்கெடுப்பின்படி பீனிக்ஸ் நகரத்தில் மட்டும் 16 லட்சம் பேர், சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்தால் 48 லட்சத்துக்கு மேல். மேற்கே பக்கையில் கிளம்பிக் கிழக்கே அப்பாச்சி ஜங்ஷன் போய்ச் சேர 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும், வழி நெடுக ஒரே மாதிரி வீடும் கடையும் கார் நிறுத்துமிடமும்தான். நெல்லையில் புறப்பட்டுக் கன்னியாகுமரி போனால்கூட அவ்வளவு தூரம் வராது. இதில் சிப் கம்பெனிகளின் இடங்கள் ஒரு பக்கமாக இல்லை. இன்டெல் தெற்கே சாண்ட்லரில் இருக்கிறது, தைவான்காரர்களின் டிஎஸ்எம்சி வடக்குக் கோடியில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே 60 கிலோமீட்டருக்கு மேல். "பீனிக்ஸில் வேலை" என்பது வீடு பார்க்கப் போதுமான தகவலே இல்லை. எந்த வளாகம், என்ன ஷிஃப்ட் என்று முதலில் கேட்டு வாங்குங்கள்.

சரி, வெயில். நம் ஊரில் மே மாதம் 40 டிகிரி அடிக்கிறது, அதைத் தாங்குகிறோமே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். அங்கே ஜூலை மாதத்தின் சராசரிப் பகல் வெயிலே 41 டிகிரி. 2023-இல் ஜூன் கடைசி நாள் தொடங்கி 31 நாள் தொடர்ந்து 43 டிகிரிக்கு மேல் போனது. 2024-இல் 113 நாள் விடாமல் 38 டிகிரியைத் தொட்டது. இதுவரை பதிவான உச்சம் 1990 ஜூன் 26-ஆம் தேதி அடித்த 50 டிகிரி. இவை எல்லாவற்றையும்விட என்னைச் சிரமப்படுத்தியது ராத்திரிதான். நம் ஊரில் சாயங்காலம் ஒரு காற்று வரும், ஆனி ஆடியில் மேற்கே குற்றாலத்துச் சாரல் எட்டிப் பார்க்கும். அங்கே பகல் முழுக்கச் சூட்டைக் குடித்த தாரும் கான்கிரீட்டும் இரவெல்லாம் அதைத் திருப்பிக் கக்கும், விடியற்காலைகூட 32 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. குழாயில் குளிர்ந்த பக்கத்தைத் திறந்தாலும் வெந்நீர்தான் வரும். 2023-இல் பீனிக்ஸ் இருக்கும் மாரிகோபா கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) வெயில் தொடர்பான சாவு 645. இறந்தவர்களில் நிறையப் பேர் வீடில்லாதவர்கள், வயதானவர்கள், வீட்டில் ஏசி ஓடாதவர்கள்.

ஆனால் வேலை பார்க்கிற ஆளுக்கு இந்த வெயில் அவ்வளவாகத் தெரியாது. ஏசி வீடு, ஏசி கார், ஏசி ஆபீஸ். அதனால்தான் போனவர்கள் எல்லாரும் நல்ல ஊர் என்கிறார்கள், அவர்கள் சொல்வது பொய்யில்லை. வீட்டில் பகல் முழுக்க இருக்கிறவரிடம் கேட்டால்தான் வேறு கதை வரும். என் அம்மா ஒரு ஜூன் மாதம் வந்தார்கள். டிக்கெட் விலை குறைவாக இருந்தது என்று நான்தான் அந்த மாதத்தில் போட்டேன். ஊரில் காலையில் பால் வாங்கப் போய் நாலு வீட்டில் நின்று பேசிவிட்டு வருகிற மனுஷி. அங்கே இரண்டாவது வாரமே ஜன்னலோரம் நின்றுகொண்டு, "ஏய்யா, இந்த ஊர்ல மனுஷங்களே நடக்க மாட்டாங்களா?" என்று கேட்டார்கள். கடைக்கு இரண்டு கிலோமீட்டர்தான். அந்த இரண்டு கிலோமீட்டரை 45 டிகிரியில், மர நிழல் இல்லாமல், ஆறு வழிச் சாலையைத் தாண்டி நடக்க முடியாது. நான் ஆபீஸிலிருந்து வருகிற வரை அவர்களுக்கு நாலு சுவர். மூன்று மாதம் கழித்துக் கிளம்பும்போது அம்மா அழவில்லை, நான்தான் அழுதேன். அந்த வெயிலை ஏசியால் சமாளித்துவிடலாம். வெயிலும் தூரமும் ஒன்றாகச் சேரும்போதுதான் ஆள் அடைபட்டுப் போகிறார். உங்கள் கடிதத்தில் நான் கவலைப்பட்ட ஒரே வரி "எனக்குத் தெரியாது" என்ற வரிதான்.

அதனால் கிளம்புவதற்கு முன்பே, இங்கேயே ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து ஸ்டீயரிங் பயத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும், எல்லாம் மாறும், ஆனாலும் பயம் போயிருந்தால் பாதி வேலை முடிந்தது. அங்கே போனதும் எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் எழுதி லைசென்ஸ் வாங்கிவிடுங்கள். வேலை பார்க்க அனுமதி இல்லாத விசாவில் போனாலும் கார் ஓட்டத் தடை இல்லை, இதைப் பலர் தெரியாமல் தள்ளிப் போடுகிறார்கள். அதுவரைக்கும் வேமோ என்று டிரைவர் இல்லாமல் தானே ஓடும் டாக்ஸி இருக்கிறது, 2020-லிருந்து அங்கே பொதுமக்களுக்காக ஓடுகிறது, கார் ஓட்டாத நம் பெண்கள் பலருக்கு அது பெரிய துணை. நீங்கள் பார்க்கும் வீடு அதன் எல்லைக்குள் வருகிறதா என்று செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது குவீன் கிரீக். வீடு பெரிது, புதிது, வாடகை குறைவு, எல்லாம் உண்மை. இரண்டு கார், இரண்டு லைசென்ஸ் உள்ள குடும்பத்துக்கு அருமையான இடம், தோட்டம் போட்டு அமைதியாக இருக்க விரும்புகிறவர்களுக்கும் அப்படியே. ஒரே கார் உள்ள வீட்டில், கணவர் அதை எடுத்துக்கொண்டு போனபின் நீங்கள் நாலு வயதுப் பிள்ளையோடு என்ன செய்வீர்கள்? ஊருக்குள் ஓடும் லைட் ரயில் அந்தப் பக்கம் போகவில்லை. சாண்ட்லருக்கும் போகவில்லைதான், ஆனால் சாண்ட்லரில் நம் மளிகைக்கடை, பூங்கா, நூலகம், பள்ளி எல்லாம் கிட்டக்கிட்டக் கிடைக்கும் தெருக்கள் உண்டு, பக்கத்து அபார்ட்மென்டில் தமிழ்க் குரலும் கேட்கும். இன்டெல் வேலை என்றால் முதல் வருடம் சாண்ட்லரில் சின்ன வீடாக எடுங்கள். வாடகையில் கூடுதலாகக் கொடுப்பது இரண்டாவது காரின் தவணையிலும் இன்சூரன்ஸிலும் மிச்சமாகிவிடும். டிஎஸ்எம்சி என்றால் கணக்கே வேறு, வடக்கே பார்க்க வேண்டும்.

கொழுந்தனைப் பற்றிக் கவலையே வேண்டாம். டெம்பி அந்த ஊர்க்கூட்டத்திலேயே காலால் வாழக்கூடிய இடம். 2008-இல் தொடங்கிய லைட் ரயில் பல்கலைக்கழக வாசலிலேயே நிற்கிறது, தெருத்தெருவாகச் சுற்றும் ஆர்பிட் பஸ்ஸுக்குக் கட்டணம் கிடையாது. 2023-லிருந்து அங்கே கல்டிசாக் என்று ஒரு குடியிருப்பும் இருக்கிறது, குடியிருப்பவர்களுக்குக் கார் நிறுத்த இடமே கொடுக்காமல், நிழல் விழும் குறுகிய சந்துகளாகக் கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு நம் டவுனில் ரத வீதிகளுக்குள் ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள்தான் ஞாபகம் வந்தன. வெயில் ஊருக்குச் சந்துதான் சரி என்று நம் முன்னோர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

மாமா விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் நவம்பரில் வந்து ஏப்ரலில் திரும்பட்டும். அந்த ஆறு மாதமும் அங்கே சொர்க்கம் என்று சொல்வேன், மிகைப்படுத்தவில்லை. டிசம்பர், ஜனவரியில் பகல் 19, 20 டிகிரி, காலையில் 7, 8 வரை இறங்கும், ஸ்வெட்டர் போதும். குளிர் மாநிலங்களிலிருந்து முதியவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து தங்குவதும் இந்த மாதங்களில்தான். 1960-இல் தொடங்கிய சன் சிட்டி என்ற ஊரே ஓய்வு பெற்றவர்களுக்காகக் கட்டியது. மாமா நடப்பதற்கு வாய்க்கால் கரைகள் இருக்கின்றன. ஆமாம், வாய்க்கால்! ஹோஹோகாம் என்ற பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சால்ட் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்த பூமி அது, இன்றைய வாய்க்கால்கள் சில அவர்கள் வெட்டிய தடத்திலேயே ஓடுகின்றன. பாளையங்கால்வாய்க் கரையைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்தக் கரையில் நடப்பது பிடித்துப்போகும். தவிர்க்க முடியாமல் கோடையில் இருக்க நேர்ந்தால், ஜூனில் சூரியன் காலை 5.20-க்கே உதித்துவிடும், அதற்கு முன் நடந்து முடித்துவிட வேண்டும்.

சர்க்கரைக்காரருக்கு இரண்டு எச்சரிக்கை. காற்று அவ்வளவு வறட்சி என்பதால் வேர்வை தெரியாமலே காய்ந்துவிடும், தாகம் தெரியாமலே உடம்பில் நீர் குறையும். இன்சுலினையும் மாத்திரையையும் காரில் வைத்துவிட்டு இறங்கவே கூடாது. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டால் கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, வேலி ஃபீவர். அந்த மண்ணில் உள்ள ஒரு பூஞ்சை, புழுதியோடு மூச்சில் போய் நுரையீரலைப் பிடிக்கும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது, பெரும்பாலோருக்குத் தானே சரியாகிவிடும், ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்குக் கடுமையாக வர வாய்ப்பு அதிகம். புழுதிப்புயல் அடிக்கும்போது, கட்டட வேலை நடக்கும் இடங்களில் எல்லாம், அவர் வெளியே நிற்கக் கூடாது. முக்கியமாக இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மாமா நெல்லை திரும்பிய பின் காய்ச்சலும் இருமலும் வாரக்கணக்கில் விடாமல் இருந்தால், "நான் அரிசோனாவில் இருந்துவிட்டு வந்தேன்" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு டிபி மாதிரியும் நிமோனியா மாதிரியும் இருப்பதால் நம் ஊரில் யாருக்கும் சட்டென்று இது தோன்றாது.

பிள்ளைகளுக்கு ஊர் நல்லது. சாண்ட்லர் பக்கப் பள்ளிக்கூடங்கள் ஜூலை மாதமே திறந்துவிடும், நம் ஊர் ஜூன் கணக்கோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும். வார இறுதியில் தமிழ்ப் பள்ளி உண்டு. மாரிகோபா என்ற ஊரில் மகா கணபதி கோயில் இருக்கிறது. நாலு வயதுப் பிள்ளை இருப்பதால் பின்கட்டில் நீச்சல் குளம் உள்ள வீட்டை எடுக்காதீர்கள், எடுத்தால் பூட்டும் வேலியும் இருக்க வேண்டும், இதில் சமரசமே கிடையாது. போன முதல் வருடமே இரண்டு பேரையும் நீச்சல் வகுப்பில் சேர்த்துவிடுங்கள், குறுக்குத்துறையில் குதித்துப் பழகிய குடும்பத்துப் பிள்ளைகள்தானே. கோடையில் பகல் நேரத்துச் சறுக்கு மரமும் கார் சீட் பெல்ட்டின் இரும்பும் தோலைச் சுட்டுவிடும், காரில் பிள்ளையை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை அங்கேயும் மழைக்காலம் என்று ஒன்று உண்டு, ஆனால் வருடம் முழுக்கச் சேர்த்தே 18 சென்டிமீட்டர் மழைதான், அதற்கு முன்னோடியாகப் புழுதிப்புயல் வரும். கார் ஓட்டும்போது வந்தால் சாலையை விட்டு நன்றாக விலகி நிறுத்தி, விளக்கை அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவர் அதைப் பார்த்து அங்கேதான் சாலை என்று நம்பி வந்து மோதிவிடுவார்.

சாரலுக்கு ஏங்கினால் வடக்கே ஃபிளாக்ஸ்டாஃப் இருக்கிறது. 2,100 மீட்டர் உயரம், இரண்டு மணி நேரத்துக் கார்ப் பயணம், பைன் காடு, கோடையிலும் குளுமை. நாங்கள் ஜூலையில் மாதம் இரண்டு தடவை ஓடுவோம்.

தண்ணீர் தீர்ந்துவிடுமா என்ற பயம் உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனாலும் பின்னால் வீடு வாங்கும் யோசனை வந்தால் உதவும் என்று ஒரு வரி. கொலராடோ ஆற்றுத் தண்ணீர் 500 கிலோமீட்டருக்கு மேல் கால்வாயில் வருகிறது, அந்த ஆறு இளைத்துக்கொண்டிருக்கிறது. நிலத்தடி நீரை மட்டும் நம்பிப் புதிய மனைப்பிரிவு போடுவதற்கான அனுமதியை மாநில அரசு 2023 ஜூனில் நிறுத்தியது, அதில் அதிகம் அடிபட்டவை குவீன் கிரீக், பக்கை போன்ற வெளிவட்ட ஊர்கள். வாடகைக்கு இருக்கும்வரை இது உங்களைத் தொடாது.

எப்போது கிளம்புவது என்பதற்கு வருகிறேன். கணவர் வேலையில் சேரும் தேதிக்கு முன்னால் போகட்டும், நீங்களும் பிள்ளைகளும் அக்டோபரில் போங்கள். படிப்பு நடுவில் சேர்ப்பதைப் பற்றிப் பயம் வேண்டாம், அரசுப் பள்ளியில் வீட்டு முகவரியைக் காட்டினால் எந்த மாதமும் சேர்த்துக்கொள்வார்கள். குளிர் மாதங்களில் நீங்கள் கார் பழகி, நாலு பேரைத் தெரிந்துகொண்டு, அப்புறம் முதல் கோடையைப் பார்ப்பது வேறு, ஜூனில் போய் இறங்கி எடுத்த எடுப்பிலேயே அடைபட்டுக் கிடப்பது வேறு. அரிசோனாவில் மற்ற மாநிலங்களைப் போலக் கடிகாரத்தை வருடம் இரண்டு முறை மாற்றுவதில்லை, நமக்கும் அவர்களுக்கும் எப்போதும் பன்னிரண்டரை மணி நேரம்தான். அங்கே காலை 7 மணிக்குக் காபியோடு போன் போட்டால் இங்கே உங்கள் அம்மாவுக்கு இரவு 7.30.

வேலை எந்த வளாகம் என்று தெரிந்ததும் எழுதுங்கள். எந்தெந்தச் சாலைகளுக்கு நடுவே வீடு பார்க்கலாம் என்று வரைபடத்தில் குறித்து அனுப்புகிறேன்.